வெட்டாத விளிம்பு

உரைநடை

நுழையும் முன்

வீட்டின் முன்னறையில் நாற்காலிகளுக்கு நடுவே நிற்கும் குட்டை மேசையை நாம் அன்றாடம் காண்கிறோம். ஒரு மரம் அந்த மேசையாக மாறுவதற்குள் எத்தனை ஆண்டுகள் கடக்கின்றன, தச்சர் எத்தனை முடிவுகளை எடுக்கிறார் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. மரத்தின் விளிம்பை வெட்டாமலும் விரிசலை மறைக்காமலும் மேசை செய்யும் கலையையும், அக்கலையை உலகறியச் செய்த ஒருவரின் வாழ்வையும் இப்பாடம் விளக்குகிறது.

முக்காலியும் டீப்பாயும்

முன்னறைக் குட்டை மேசையை எர்ணாகுளத்து வீடுகளிலும் தமிழ்நாட்டு வீடுகளிலும் ‘டீப்பாய்’ என்றே அழைப்பர். தேநீர்க் கோப்பை வைப்பதால் அப்பெயர் வந்தது என்று பலரும் கருதுவர். உண்மையில் அச்சொல்லில் தேநீர் இல்லை. மூன்று என்று பொருள்படும் இந்திச் சொல்லும், கால் என்று பொருள்படும் பாரசீகச் சொல்லும் இணைந்து ‘திபாய்’ ஆயிற்று. ஆங்கிலேயர் நாவில் அது ‘டீப்பாய்’ எனத் திரிந்தது. அதே பொருளைத் தமிழ் ‘முக்காலி’ என்று நேராகவே சொல்கிறது. இன்று நான்கு கால்களில் நிற்கும் டீப்பாயும் பெயரில் மட்டும் மூன்று கால்களோடு வாழ்கிறது.

யூதத் தெருவில் ஒரு மேசை

மட்டாஞ்சேரியில் 1568ஆம் ஆண்டு கட்டப்பட்ட யூதர் வழிபாட்டிடத்திற்குச் செல்லும் தெரு யூதத் தெரு எனப்படும். ஒரு காலத்தில் மிளகும் சுக்கும் ஏலமும் நிறைந்திருந்த அத்தெருவின் பண்டகசாலைகள் பல, இன்று பழம்பொருள் கடைகளாக மாறியுள்ளன. பழைய வீடுகளிலிருந்து பெயர்த்தெடுத்த தூண்களும் கதவுகளும் பித்தளைப் பூணிட்ட பெட்டிகளும் அங்கு அடுக்கி வைக்கப்பட்டிருக்கும்.

இத்தகைய கடைகளுக்குச் செல்வோர் அண்மைக்காலமாக வேறொரு வகை மேசையையும் காண்கின்றனர். அதன் இரு பக்கங்கள் நேராக அறுக்கப்பட்டிருக்கும். மற்ற இரு பக்கங்கள் ஆற்றங்கரை போல வளைந்து நெளிந்து செல்லும். பலகையின் நடுவே நீண்ட விரிசல் ஒன்று ஓடும். அவ்விரிசலுக்குள் நீலமும் பச்சையும் கலந்த கற்கள் நிரம்பி, மேசையின் பரப்போடு சமமாக மின்னும்.

இதனைப் பார்க்கும் மாணவருக்கு ஓர் ஐயம் எழலாம். தச்சர் தம் வேலையை முடிக்காமல் விட்டுவிட்டாரோ? பக்கத்தை நேராக அறுத்து, விரிசலை நீக்கி, நல்ல பலகையை மட்டும் எடுத்துக்கொள்வதுதானே முறை? இவ்வையத்திற்கு விடை காண முதலில் மரத்தின் உள்ளமைப்பை அறிதல் வேண்டும்.

அகக்காழும் வெளிறும்

உள்ளே வலிமை உடையவற்றை மரம் என்றும், வெளியே வலிமை உடையவற்றைப் புல் என்றும் தொல்காப்பிய மரபியல் வகுக்கிறது. முன்னது அகக்காழ், பின்னது புறக்காழ். அவ்வகையில் தேக்கும் பலாவும் மரங்கள். பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லினம். நவீனத் தாவரவியலும் பனையையும் தென்னையையும் மூங்கிலையும் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்கள் என்றே வகைப்படுத்துகிறது.

அகக்காழ் மரம் ஒன்றைக் குறுக்கே அறுத்தால் நடுவில் கருநிறப் பகுதி தெரியும். அதுவே வைரம். அதனைச் சூழ்ந்து வெளிர்நிறத்தில் இருப்பது வெளிறு. வேரிலிருந்து நீரை மேலே கொண்டு செல்வது வெளிறுதான். வைரத்தில் நீரோட்டம் நின்றிருக்கும். அதனால் அது இறுகிப் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எளிதில் இடம் கொடாது. வெளிற்றைச் சரியாக உலர்த்தாவிட்டால் அது உளுத்துப்போகும்.

வழக்கமான மேசை செய்யும்போது வெளிறு முழுவதையும் அறுத்துத் தள்ளுவர். இயல்பு விளிம்பு மேசையில் வெளிறும் மேசையின் பகுதியாகிறது. ஃபோர்ட் கொச்சியின் திடல்களைச் சுற்றி நிழல் தரும் தூங்குமூஞ்சி மரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். அதன் வைரம் செம்பழுப்பு நிறம், வெளிறோ வெளிர்மஞ்சள். இரண்டும் அடுத்தடுத்து நிற்கும்போது மேசையின் ஓரத்தில் இயற்கையே கரை வைத்தது போல் தோன்றும். இம்மரம் நம் நாட்டுக்கு உரியதன்று. நடு அமெரிக்காவும் தென் அமெரிக்காவின் வடபகுதியும் இதன் தாயகம். நிழலுக்காகக் கொண்டுவரப்பட்டு இங்கே வேரூன்றியது. மாலையில் இலைகளை மடித்துக்கொள்வதால் தமிழர் தூங்குமூஞ்சி என்றனர். மலையாளிகள் மழமரம் என்கின்றனர்.

விரிசல் ஏன் விழுகிறது?

வெட்டிய மரத்தில் நீர் நிறைந்திருக்கும். ஈர மரத்தில் செய்த மேசை சில மாதங்களில் முறுக்கிக்கொள்ளும். ஆகவே அடிமரத்தைக் கனத்த பலகைகளாக அறுத்து, ஒவ்வொரு பலகைக்கும் இடையே சிறு சட்டங்களை வைத்து, காற்றோட்டமான நிழலில் அடுக்குவர். ஓர் அங்குலக் கனத்திற்கு ஏறத்தாழ ஓராண்டு என்பது தச்சர் கணக்கு. இரண்டு அங்குலப் பலகை இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆண்டில் இரு பருவமழைகளைக் காணும் கொச்சியில், காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால் இன்னும் பொறுமை தேவை.

உலரும்போது மரம் சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. ஆண்டு வளையத்தின் வழியே ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படும் சுருக்கத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. சுற்றளவு மிகுதியாகச் சுருங்க முயல, உட்பகுதி அதற்கு இடம் கொடுக்காததால் மரம் பிளக்கிறது. பலகையின் இரு முனைகளில் நீர் விரைவாக வெளியேறுவதால் அங்குதான் விரிசல் முதலில் தோன்றும். முனைகளில் மெழுகோ வண்ணமோ பூசி வைத்தால் விரிசலைக் குறைக்கலாம். முற்றிலும் தடுக்க இயலாது.

இரண்டு ஆண்டுகள் காத்திருந்து எடுத்த பலகையில் நீண்ட விரிசல் இருந்தால் தச்சர் என்ன செய்வார்? விரிசலுக்கு இருபுறமும் அறுத்து, அகன்ற பலகையைக் குறுகிய துண்டுகளாக்கலாம். அல்லது விரிசலோடு அப்பலகையை ஏற்கலாம். இரண்டாம் வழியைத் தேர்ந்து உலகப் புகழ் பெற்ற தச்சர் ஒருவர் இருந்தார். அவர் வாழ்வின் இரண்டு ஆண்டுகள் புதுச்சேரியில் கழிந்தன.

முகாமில் கற்ற தொழில்

ஜார்ஜ் நகாஷிமா 1905ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் ஜப்பானிலிருந்து குடியேறியவர்கள். கட்டடக்கலை பயின்ற அவர், ஜப்பானில் அன்டோனின் ரேமண்ட் என்னும் கட்டடக்கலைஞரின் அலுவலகத்தில் சேர்ந்தார். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் தங்குவோருக்காக ‘கோல்கொண்டா’ என்னும் விடுதி கட்டும் பணி ரேமண்டிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்பணியை நேரில் நடத்த 1937இல் நகாஷிமா புதுச்சேரிக்கு வந்தார். வலுவூட்டிய கான்கிரீட்டால் இந்தியாவில் எழுந்த தொடக்ககால நவீனக் கட்டடங்களுள் கோல்கொண்டாவும் ஒன்று. கடற்கரை ஊரின் வெப்பத்திற்கேற்பக் காற்று உள்ளே புகுந்து செல்லுமாறு அது அமைக்கப்பட்டது. ஆசிரம வாழ்வில் ஈடுபாடு கொண்ட நகாஷிமாவுக்கு அங்கே ‘சுந்தரானந்தா’ என்னும் பெயர் வழங்கப்பட்டது. அழகில் இன்பம் காண்பவர் என்பது அதன் பொருள்.

1939இல் புதுச்சேரியை விட்டு நீங்கிய அவர், பின்னர் அமெரிக்கா திரும்பினார். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானும் அமெரிக்காவும் மோதின. 1942இல் ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். அவர்கள் மீது குற்றம் எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. முன்னோர் வந்த நாடு ஜப்பான் என்பதே காரணமாயிற்று. நகாஷிமாவும் அவர் மனைவியும் பிறந்து சில வாரங்களே ஆன மகள் மீராவும் ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமுக்கு அனுப்பப்பட்டனர்.

அம்முகாமில் கெந்தாரோ ஹிகோகாவா என்னும் மூத்த தச்சர் இருந்தார். ஜப்பானிய மரபில் பயிற்சி பெற்றவர் அவர். கட்டுமானத்தில் மிஞ்சிய மரத்துண்டுகளும், வறண்ட நிலத்தில் கிடைத்த புதர்க் கட்டைகளுமே அவர்களுக்குக் கிடைத்தன. பட்டம் பெற்ற கட்டடக்கலைஞரான நகாஷிமா, அத்தச்சரின் கீழ் உளி பிடிக்கவும் இழைக்கவும் இணைப்புகளைப் பொருத்தவும் பயின்றார். நல்ல மரமே கிடைக்காத இடத்தில், கோணலும் முடிச்சும் கொண்ட துண்டை வீணாக்காமல் பயன்படுத்துவது எப்படி என்பதை அவர் கண்டறிந்தார்.

1943இல் ரேமண்டின் முயற்சியால் விடுதலை பெற்று, பென்சில்வேனியா மாநிலத்தின் நியூ ஹோப் என்னும் ஊரில் குடியேறித் தொழிற்கூடம் அமைத்தார். இயல்பு விளிம்பும் விரிசலும் கொண்ட கனத்த பலகைகளை மேசைகளாக்கினார். 1964இல் மீண்டும் இந்தியாவுக்கு வந்து, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திற்காக அறைகலன்களை வடிவமைத்தார். 1990இல் அவர் மறைந்தபின் மகள் மீரா தொழிற்கூடத்தை ஏற்று நடத்தினார். கைக்குழந்தையாக முகாமில் இருந்த அதே மீராதான் அவர். அத்தொழிற்கூடத்தில் உருவான ‘அமைதி மேசை’ ஒன்று 1996இல் ஆரோவில்லுக்கு வந்து சேர்ந்தது. அதன் விளிம்புகளும் வெட்டப்படாதவையே.

விரிசலைத் தாங்கும் பட்டாம்பூச்சி

விரிசலை அப்படியே விட்டால் அது நாளடைவில் நீளும். அதனைத் தடுக்க நகாஷிமா கையாண்ட முறை பழமையானது. பட்டாம்பூச்சி சிறகு விரித்தாற்போன்ற வடிவில் வைரம் பாய்ந்த மரத்தில் ஓர் ஆப்பைச் செய்வர். விரிசலுக்குக் குறுக்கே, அதே வடிவில் பலகையில் பள்ளம் எடுத்து ஆப்பை இறுக அறைவர். நடுவில் ஒடுங்கி இரு முனைகளிலும் அகன்றிருப்பதால், பலகை பிரிய முயலும்போது ஆப்பு இருபுறத்தையும் பிடித்து நிறுத்தும். ஆப்பின் மரம் பலகையின் நிறத்திலிருந்து வேறுபட்டிருக்கும். பழுது பார்த்த இடம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

கல் பதித்தல்

ஆப்பு அறைந்தபின் விரிசலைக் கல்லால் நிரப்புவது இன்று பரவலாகியுள்ள முறை. கல்லில் கல்லைப் பதிக்கும் கலை இந்தியாவுக்குப் புதிதன்று. தாஜ்மகாலின் வெண்பளிங்கில் வண்ணக்கற்களைப் பூவும் கொடியுமாக வெட்டிப் பதித்துள்ளனர். மரத்தில் வேலை சற்று வேறுபடும். பளிங்கில் கலைஞர் தாம் வரைந்த வடிவில் பள்ளம் எடுக்கிறார். மரத்திலோ விரிசல் எவ்வழி ஓடியதோ அதுவே வடிவம்.

முதலில் விரிசலுக்குள் இருக்கும் தூசியையும் உதிரும் நாரையும் துலக்கி எடுப்பர். பலகையின் அடிப்பக்கத்தை ஒட்டுநாடாவால் மூடுவர். கற்களை உடைத்து, பருமனானவற்றை அடியிலும் பொடியானவற்றை மேலும் இடுவர். எபாக்ஸி பிசினை அதன் கெட்டிப்பானோடு அளவாகக் கலந்து, காற்றுக்குமிழி தங்காதவாறு மெல்ல ஊற்றுவர். பிசின் நன்கு இறுகிய பின்னரே தேய்க்கத் தொடங்குவர்.

கல்லைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நுட்பம் உண்டு. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் அளவுகோல் மோ அளவுகோல் எனப்படும். மாலகைட் என்னும் பச்சைக் கல் 3.5 முதல் 4 வரை. டர்க்காய்ஸ் என்னும் நீலப்பச்சைக் கல் 5 முதல் 6 வரை. குவார்ட்ஸ் என்னும் படிகக்கல் 7. உப்புத்தாளால் தேய்க்கும்போது மரம் விரைவாகக் குறையும். கடினமான கல் குறையாமல் மேடாக நின்றுவிடும். எனவே மென்மையான கற்களையே பெரும்பாலோர் விரும்புவர். கல்தூள் நுரையீரலுக்குத் தீங்கு செய்யும். முகக்கவசமின்றி இவ்வேலையைச் செய்தலாகாது.

கொங்குக் கல்லும் முசிறி மரமும்

கல்லும் மரமும் எர்ணாகுளம் மாவட்டத்தில் சந்திப்பது இது முதன்முறை அன்று. வடக்குப் பரவூருக்கு அருகிலுள்ள பட்டணம் என்னும் சிற்றூரில் கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் 2007இல் அகழாய்வைத் தொடங்கியது. சங்க இலக்கியம் கூறும் முசிறித் துறைமுகம் இவ்வூரே என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அங்கே ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையுடைய, ஆஞ்சிலி மரத்தில் குடைந்த ஆறு மீட்டர் நீளப் படகும், படகு கட்டும் தேக்கு முளைகளும் கிடைத்தன. அரிய வண்ணக்கற்களில் செய்த மணிகளும் கிடைத்தன.

அக்காலத்தில் கல்மணி செய்த ஊர்களுள் ஒன்று, ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணல். பதிற்றுப்பத்து இதனைக் கொடுமணம் என்று குறிக்கிறது. காங்கேயம் அருகிலுள்ள படியூர், பெரில் என்னும் நீலப்பச்சைக் கல்லுக்குப் பெயர் பெற்றது. பெரில் கல்லின் கடினம் 7.5 முதல் 8 வரை. மின்கருவி இல்லாத காலத்தில் அதனைத் தேய்த்து மெருகேற்றித் துளையிட்டனர் கொங்கு நாட்டுக் கலைஞர். மெருகேறிய கற்கள் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேலைக் கடற்கரைக்கு வந்து கப்பலேறின. கோயம்புத்தூரிலிருந்து எர்ணாகுளத்திற்குத் தொடர்வண்டியில் வரும் குடும்பங்கள் இன்றும் அக்கணவாயைக் கடந்தே வருகின்றன.

மேசை நிற்கிறது

மரப்பட்டையைத் தீட்டாத உளியால் பெயர்த்தெடுப்பர். அதனடியில் பூச்சிகள் தங்கும். வளைந்த விளிம்பில் உளி ஆழப் படாமல் துலக்குவர். பின்னர் 80, 120, 220 என்னும் வரிசையில் உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசுவர். எண்ணெய் பட்டவுடன் அதுவரை மங்கியிருந்த ஆண்டு வளையங்கள் தெளிந்து தோன்றும்.

கால்களைப் பொருத்துவதே இறுதி வேலை. உலர்ந்த பலகையும் மழைக்காலத்தில் சற்று அகலும், கோடையில் சுருங்கும். காலின் சட்டத்தை அசையாதவாறு திருகாணியால் இறுக்கினால் பலகை மீண்டும் பிளக்கும். அதனால் சட்டத்தில் வட்டத்துளைக்கு மாற்றாக நீள்துளை இடுவர். மேசையான பின்பும் மரம் அசையும் என்பதை அறிந்து, அதற்கு இடம் விட்டே தச்சர் வேலையை முடிக்கிறார்.

யூதத் தெருவில் அத்தகைய மேசையைக் கண்டவர் அதன் அடியில் குனிந்து பார்த்தால் அந்நீள்துளைகளைக் காணலாம். பக்கத்தை வெட்டாமல் விட்டவர் வேலையை முடிக்காதவர் அல்லர் என்பதற்கு அவையே சான்று.

சொல்லும் பொருளும்

காழ் – வைரம், வலிமை
வெளிறு – மரத்தின் வைரமற்ற வெளிப்பகுதி
உளுத்தல் – பூச்சி அரித்துப் பொடியாதல்
அறைகலன் – வீட்டுப் பயன்பாட்டு மரப்பொருள்
வம்சாவளி – பரம்பரை

இரு மொழியில் ஒரு தொழில்

தமிழ் – மலையாளம்
உளி – உளி
தேக்கு – தேக்கு
பலா – பிளாவு
சுத்தியல் – சுற்றிக
இழைப்புளி – சிந்தேரு
கொட்டாப்புளி – கொட்டுவடி

இலக்கணம் அறிவோம்

‘வெட்டாத விளிம்பு’ என்பதில் ‘வெட்டாத’ என்னும் சொல் எதிர்மறைப் பொருள் தந்து, ‘விளிம்பு’ என்னும் பெயரைக் கொண்டு முடிகிறது. எனவே இது எதிர்மறைப் பெயரெச்சம். இறுதியில் உள்ள ‘த’ கெட்டு ‘வெட்டா விளிம்பு’ என வருமாயின் அது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் ஆகும்.

பின்வருவனவற்றை ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாக மாற்றுக: உலராத மரம், தேயாத மணி, மறையாத வடு.

மதிப்பீடு

சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. தொல்காப்பியர் கருத்துப்படி புறக்காழ் உடையது
அ) தேக்கு ஆ) பலா இ) பனை ஈ) ஆஞ்சிலி

2. நகாஷிமா மரத்தொழிலின் நுட்பங்களைக் கற்ற இடம்
அ) அகமதாபாத் ஆ) மினிடோகா இ) ஸ்போகேன் ஈ) ஆரோவில்

குறுவினா

1. ‘டீப்பாய்’ என்னும் சொல் எவ்வாறு தோன்றியது?
2. பட்டாம்பூச்சி வடிவ ஆப்பு விரிசலை எவ்வாறு தடுக்கிறது?

சிறுவினா

1. உலரும் மரத்தில் விரிசல் விழுவதற்கான காரணத்தை விளக்குக.
2. மேசையில் பதிக்க மென்மையான கற்களைத் தேர்ந்தெடுப்பது ஏன்?

சிந்தனை வினா

கட்டடக்கலைப் பட்டம் பெற்ற நகாஷிமா, முகாமில் ஒரு தச்சரிடம் மாணவராக அமர்ந்தார். இதிலிருந்து நீங்கள் அறிவன யாவை?

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் உள்ள மரப்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது எந்த மரம், எவ்வூரிலிருந்து வந்தது, யார் செய்தது என்பதைப் பெரியோரிடம் கேட்டு ஒரு பத்தி எழுதுக.
2. உங்கள் குடும்பம் கொச்சிக்கு வந்தபோது கொண்டுவந்த பொருள் ஒன்றைப் பற்றித் தாத்தா, பாட்டியிடம் கேட்டு வகுப்பில் பேசுக.
3. பெற்றோர் துணையுடன் அருகிலுள்ள தச்சுப் பட்டறைக்குச் சென்று, அங்குள்ள கருவிகளின் பெயர்களை இரு மொழிகளிலும் தொகுக்க.